ஏலே பேராண்டி, டிஸ்க்கு வாங்கவா போற?

ஏலே, சித்த நில்லு. செகண்டுக்கு ஏழாயிரம் எம்பி ஓடுற என்விஎம்இ டிஸ்க்கை ஆர்டர் போடப் போறியாமே, உங்க ஆச்சி சொன்னா. நல்ல காரியம், போடு. பார்சல் வந்ததும் பிரிச்சு, சந்தனம் குங்குமம் வச்சு சாமி படத்துக்குப் பக்கத்துல நிறுத்திரு. வேற என்ன செய்ய? உன் பொட்டியில அதைச் சொருக எடமே கிடையாதே!

கோவிச்சுக்காத. ரேடியோ வால்வு காலத்துல இருந்து திருப்புளி பிடிச்ச கை இது. டேப் ரிக்கார்டர், டிவி, டெக்கு எல்லாம் பாத்துட்டு கடைசியா கம்ப்யூட்டர்ல வந்து நின்னுருக்கு. உங்கப்பன் மாவு மில்லுக் கணக்குக்குன்னு வாங்கிப் போட்ட பொட்டியை நான் தொறந்து பாத்தவன். உள்ள இருக்கிறது எச்61 போர்டு, ரெண்டாந் தலைமுறை ஐ3. இன்டெல்காரன் 2011-ல எறக்குன சரக்கு. அந்த டிஸ்க்கைச் சொருகுற எம்.2 ஓட்டை அதுல கிடையாது. சாட்டா வாசல் நாலு உண்டு, நாலுமே மூணு கிகாபிட். போர்டு செஞ்சவன் தன் கைக்காசைப் போட்டு தனியா ஒரு சிப்பு வச்சுக் குடுத்திருந்தா ஒழிய, ஆறு கிகாபிட் அந்த போர்டுல வராது. இதெல்லாம் போர்டு மேலயே அச்சடிச்சிருக்கு. நீதான் பொட்டியைத் தொறக்காம போனைத் தொறந்து தேடிக்கிட்டிருக்க.

"தாத்தா, கார்டு ஒண்ணு வாங்கி பிசிஐ எக்ஸ்பிரஸ்ல மாட்டிக்கலாம், வீடியோவுல காட்டுறான்"னு சொல்லுவ. மாட்டலாம். விண்டோஸ் எழுந்திரிச்ச பிறகு அது டிஸ்க்கையும் பாக்கும். ஆனா விண்டோஸையே அந்த டிஸ்க்குல இருந்து எழுப்பணும்னா, உன் போர்டோட பயாஸுக்கு என்விஎம்இன்னா என்னன்னே தெரியாது. பயாஸைத் திருத்தி ஏத்தணும், இல்லேன்னா பென் டிரைவ்ல ஒரு பூட்லோடரை வச்சு வழிகாட்டணும். பயாஸ் ஏத்துறப்ப கரண்டு போச்சுன்னா போர்டும் போச்சு. நம்ம தெருவுல கரண்டு எப்பப் போகும்னு மின்வாரியத்துக்கே தெரியாது. சரி, எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னே வச்சுக்குவோம். அந்த ஐ3 குடுக்கிறது ரெண்டாந் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ், டிஸ்க்கு எடுத்துக்கிறது நாலு லேன். அதுல ரெண்டாயிரத்துக்கு மேல போகாது. மிச்சம் அஞ்சாயிரத்துக்கு நீ குடுத்த காசு வெறும் அட்டைப்பெட்டி அலங்காரத்துக்கு. வீடியோக்காரன் அதையும் காட்டுனானா?

இப்ப உன் பொட்டி ஏன் நொண்டுதுன்னு சொல்றேன், உக்காரு. நீ நினைக்கிற மாதிரி டிஸ்க்கு மெதுவா 'ஓடுறது' இல்ல நோவு. தேடுறதுதான் நோவு.

அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கு நிமிசத்துக்கு 7200 சுத்து சுத்துது. செகண்டுக்கு 120. ஒரு சுத்துக்கு எட்டு மில்லி செகண்டுக்குச் சொச்சம். நீ கேக்குற தகவல் ஊசிக்குக் கீழ வர்றதுக்கு சராசரியா அரைச் சுத்து காத்துக் கெடக்கணும், அது நாலு மில்லி செகண்டு. அதுக்கு முன்னாடி ஊசி அந்த வட்டத்துக்கு நகரணும், அதுக்கு ஒரு எட்டு, ஒன்பது. எல்லாம் கூட்டுனா ஒரு தடவை தேட பன்னெண்டு மில்லி செகண்டுக்குப் பக்கம். செகண்டுக்கு எண்பதுல இருந்து நூறு தேடல், அம்புட்டுதான் அதுக்கு மூச்சு. ஒவ்வொரு தேடலுக்கும் நாலு கேபி துண்டு ஒண்ணுன்னா, செகண்டுக்கு நானூறு கேபிகூடத் தேறாது! நூத்தம்பது எம்பி ஓடும்னு டப்பாவுல போட்டவன் பொய் சொல்லல. ஒரே பெரிய சினிமாப் படத்தை வரிசையா படிச்சா ஓடும். விண்டோஸ் எழுந்திரிக்கிறப்ப கேக்குறது சினிமாப் படமா? ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைல். தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல ஒத்தைப் பியூனை நிறுத்திட்டு, ஆயிரம் பட்டாவை ஆயிரம் ரேக்குல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டு வரச் சொன்னா என்ன ஆகும்? அதான் காலையில நீ பொட்டியைப் போட்டுட்டு, காப்பி குடிச்சு, பேப்பர் படிச்சு, குளிச்சுட்டு வந்து பாத்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

எஸ்எஸ்டிக்குள்ள சுத்துறதுக்கு தட்டும் இல்ல, நகர்றதுக்கு ஊசியும் இல்ல. தேடுற நேரம் மில்லி செகண்டுல பத்துல ஒரு பங்குதான். உள்ளதுலயே சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட அந்த நாலு கேபி துண்டை ஒண்ணொண்ணா கேட்டா செகண்டுக்கு இருபது, முப்பது எம்பி குடுத்துரும். நானூறு கேபி எங்க, முப்பது எம்பி எங்க? உன் வீட்டு வாசல் மூணு கிகாபிட்டுங்கிறது இந்தக் கணக்குல குறுக்கே வரவே இல்ல, பாத்தியா? மூணு கிகாபிட்டுங்கிறது பத்துப் பிட்டு அனுப்பி எட்டுப் பிட்டு சரக்கு எடுக்கிற ஏற்பாடு. அதனால முந்நூறு எம்பி, கைக்கு வர்றது 270, 280. பெரிய ஃபைலை நகல் எடுக்கிறப்ப மட்டும்தான் அந்தத் தடை தெரியும். நீ எம்புட்டுப் பெரிய ஃபைல் நகல் எடுக்கிற? மில்லுக் கணக்கும், பரீட்சை அப்ளிகேசனுக்கு ஐம்பது கேபிக்குக் குறைக்கிற போட்டோவும்தானே!

நீ வேகமா ஓடுற டிஸ்க்கைத் தேடாத. ரெண்டரை இஞ்சு சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணை வாங்கு. கடையில போய் இப்படிக் கேட்டா பையன் உன்னை ஏற இறங்கப் பாப்பான். பாத்துட்டுப் போறான். நாளைக்குப் பொட்டியையே மாத்துனாலும் புது போர்டுகள்ல சாட்டா வாசல் இருக்கத்தான் செய்யுது. அங்கயும் மாட்டிக்கலாம்.

அளவு எம்புட்டு? 120, 128 வேண்டாம். விண்டோஸும் அதோட அப்டேட்டும் பாதி எடத்தைப் பட்டா போட்டுக்கிரும். எஸ்எஸ்டி நிறைய நிறைய மூச்சு வாங்கும்கிறதும் உண்மை. 240 போதும்னு சொல்லுவேன். விலை வித்தியாசம் கொஞ்சமா இருந்தா 480, இல்ல 500. நீ ரெண்டு டிபி வேணும்ப. எதுக்குலே? வாட்ஸ்அப்ல வந்த குட்மார்னிங் படத்தை சேத்து வைக்கவா? 1956-ல ஐபிஎம்காரன் முதல்ல செஞ்ச ஹார்டு டிஸ்க்கு ராமாக். இருபத்து நாலு இஞ்சு தட்டு அம்பது அடுக்கி, ஒரு டன் எடையில ஒரு பீரோ. அதுல புடிச்சது அம்பது லட்சம் எழுத்து. உங்க அத்தை மக அனுப்புற ஒரே ஒரு பூப்படத்துக்கே அது பத்துமா பத்தாதான்னு பாக்கணும். அப்படி இருந்தும் அவங்க அதை வச்சு கம்பெனி நடத்துனாங்க.

500 வாங்கி மாட்டுனா விண்டோஸ் 465னு காட்டும். உடனே கடைக்காரன் முப்பத்தஞ்சைத் தின்னுட்டான்னு சண்டைக்குக் கிளம்பிராத. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலா எண்ணுது. சரக்கு ஒண்ணுதான்.

இனி ஏமாறுற எடத்துக்கு வருவோம், நமக்குப் பிடிச்ச எடம் அதுதானே. டப்பாவுல டிஎல்சி, க்யூஎல்சின்னு போட்டிருக்கான்னு பாரு. போடலேன்னா கேளு. ஒரு அறைக்குள்ள மூணு பிட்டை அடைச்சா டிஎல்சி, நாலை அடைச்சா க்யூஎல்சி. நாலு பேரை அடைச்ச அறையில எழுதறது கஷ்டம், தேய்மானமும் ஜாஸ்தி. அதை மறைக்க முன்னாடி கொஞ்ச எடத்தை வேகமான திண்ணையா வச்சுக்குவான். திண்ணை நிறையிற வரைக்கும் பறக்கும். நிறைஞ்சதும் படுத்துரும். சாம்சங் தன்னோட 870 க்யூவிஓ ஒரு டிபிக்கு, திண்ணை நிறைஞ்ச பிறகு செகண்டுக்கு 80 எம்பின்னு தானே சொல்லியிருக்கு. உன் பழைய ஹார்டு டிஸ்க்கு அதை ஜெயிக்கும்லே! ரெண்டுக்கும் விலை பக்கத்துல பக்கத்துல இருந்தா டிஎல்சியைக் கேட்டு வாங்கு.

எழுதி எழுதித் தேஞ்சு போகுமேன்னு ஒரு பயம் உனக்கு இருக்கு. எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். கணக்குப் போடு. க்ரூஷியல் பிஎக்ஸ்500-ல 480 ஜிபிக்கு 120 டிபி எழுதலாம்னு குடுத்திருக்கான், சாம்சங் 870 ஈவோ 500-க்கு 300 டிபி. கம்மியானதையே எடுத்துக்குவோம். தினம் 20 ஜிபி எழுதுனா ஆறாயிரம் நாள், பதினாறு வருசத்துக்கு மேல. உங்கப்பன் மில்லுக் கணக்கு தினம் 20 ஜிபி வரணும்னா ஜில்லாவுல வெளையிற கம்பு, சோளம், கேப்பை அம்புட்டையும் அவனே அரைக்கணும். அரைச்சா அப்புறம் என்ன, தினம் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப்போம்.

நெசமான பயம் வேற. எஸ்எஸ்டி சாகறப்ப பெரும்பாலும் சொல்லாம சாகும். நேத்து ராத்திரி நல்லா இருந்தது, காலையில பயாஸ்ல பேரே இருக்காது. பழைய தட்டு டிஸ்க்கு அப்படி இல்ல, முனகும். நீ பக்கத்துல காதை வச்சுக் கேட்டுப் பாரு, 'டிக்... டிக்...'னு ஒரே சீரா தட்டுனா ஊசி வீட்டுக்குப் போய்ப் போய்த் திரும்புதுன்னு அர்த்தம். அப்ப அதை நோண்டாத, பொட்டியை அணைச்சுரு. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பாக்கணும்னா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு புரோகிராம், காசில்லாம கிடைக்கும். அதுல 05, சி5, சி6 மூணு வரியை மட்டும் பாரு. 05 செத்த செக்டர்களை மாத்திப் போட்ட கணக்கு. சி5 சந்தேகத்துல நிக்கிறது. சி6 படிக்கவே முடியாம போனது. முதல் ரெண்டு வரியும் சைபரா இல்லாம, வாரத்துக்கு வாரம் ஏறுதுன்னா ஆர்டர் போடுறதைத் தள்ளி வச்சுட்டு முதல்ல நகல் எடு. உங்க அக்கா கல்யாண வீடியோ அதுலதானே கெடக்கு? போச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திரும்ப ஒரு தடவை கல்யாணம் பண்ண மாட்டாங்க.

அதனால பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டித் தூக்கிப் போடாத. அந்த மூணு வரியும் சுத்தமா இருந்தா அது உள்ளயே இருக்கட்டும், படம், வீடியோவெல்லாம் அதுல. விண்டோஸும் புரோகிராமும் டேலியும் புதுசுல. எஸ்எஸ்டியில மிச்சமான காசுக்கு வெளியில வைக்கிற ஹார்டு டிஸ்க்கு ஒண்ணு வாங்கு. நகல் அதுல, அது பீரோவுல. சாமர்த்தியமா நகலையும் எஸ்எஸ்டியில எடுத்து பீரோவுல வருசக்கணக்கா பூட்டி வச்சிராத. கரண்டே ஏத்தாம கெடந்தா அதுல இருக்கிற மின்னூட்டம் கசியும். தேஞ்சு முடிஞ்ச எஸ்எஸ்டி, முப்பது டிகிரி சூட்டுல, கரண்டு இல்லாம ஒரு வருசம் தகவலைத் தாங்கினாப் போதும்கிறதுதான் ஜெடெக்ங்கிற தர அமைப்பு வச்சிருக்கிற அளவுகோல். நம்ம ஊர்ல சித்திரை மாசம் பீரோவுக்குள்ள முப்பது டிகிரியாம்! ஏசியிலயா பீரோ இருக்கு?

அந்த வெளி டிஸ்க்கு வாங்கறப்ப எஸ்எம்ஆர், சிஎம்ஆர்னு காதுல விழும். தடத்தைத் தனித்தனியா எழுதறது சிஎம்ஆர், ஓட்டு வீட்டுக் கூரை கணக்கா தடத்து மேல தடத்தை ஏத்தி எழுதறது எஸ்எம்ஆர். எஸ்எம்ஆர்ல திருத்தி எழுதணும்னா பக்கத்து ஓடையும் எடுத்து வைக்கணும், மெதுவா இருக்கும். உலகத்துல தட்டு டிஸ்க்கு செய்யுறதே இப்ப மூணே கம்பெனி: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மூணு பேருமே சில மாடல்ல இதைச் சொல்லாம வித்தது 2020-ல அம்பலமாச்சு. ஆனா எழுதிப் பூட்டி வைக்கிற நகலுக்கு எஸ்எம்ஆரா இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. வாங்கிக்கோ.

இன்னொரு ஏமாத்து. 'பதினாறு டிபி கையடக்க எஸ்எஸ்டி, ஆயிரத்துச் சொச்ச ரூபா'ன்னு உன் போன்ல விளம்பரம் வரும். உடைச்சா உள்ள ஒரு சின்ன மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பான். பதினாறுன்னு பொய் சொல்லக் கத்துக் குடுத்திருப்பான் அதுக்கு. நீ போடப் போட வாங்கிக்கும், திரும்பக் கேட்டா கை விரிக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு புரோகிராம் இருக்கு, முழுசா எழுதிப் படிச்சுப் பாத்துட்டு ஆளைப் பிடிச்சுக் குடுத்துரும். எந்தப் புது டிஸ்க்கு வந்தாலும் முதல் ராத்திரி இந்தச் சோதனையைப் போட்டுட்டுத் தூங்கு.

'புதுசு மாதிரியே' ஹார்டு டிஸ்க்கு விக்கிறவனும் இருக்கான். ஓடுன மணிக்கணக்கைச் சைபராக்கி விப்பான். இது நம்ம ஊர்க் கூத்து மட்டும்னு நினைக்காத. 2025 ஆரம்பத்துல ஜெர்மனியிலயே, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடித் தேஞ்ச சீகேட் டிஸ்க்குகளைக் கணக்கை அழிச்சுப் புதுசுன்னு கடைகள்ல வித்தது வெளிய வந்துச்சு. டிஸ்க்குக்குள்ள ஃபார்ம்னு இன்னொரு பதிவேடு இருந்தது திருடனுக்கு மறந்து போச்சு, அதுதான் காட்டிக் குடுத்தது.

விலை இறங்கட்டும், தீபாவளி ஆஃபருக்குக் காத்திருக்கேன்னு சொல்றதும் காதுல விழுந்துச்சு. காத்திரு. 2011 அக்டோபர்ல தாய்லாந்துல வெள்ளம் வந்து டிஸ்க்கு பேக்டரிக்குள்ள தண்ணி புகுந்துச்சு. இங்க மழையே பெய்யாத கோவில்பட்டியில ஹார்டு டிஸ்க்கு விலை ஏறுச்சு. இப்ப 2025 கடைசியில இருந்து ஏஐ கம்பெனிக்காரங்க டேட்டா சென்டருக்குன்னு மெமரி சிப்பை அள்ளிக்கிட்டுப் போறாங்க, அந்த விலையும் ஏறுது. பட்டனை அமுக்கி ஏஐகிட்ட நீ கேக்குற பூனைப் படத்துக்கும் இதுல பங்கு உண்டு.

மாட்டுற வேலை கஷ்டமில்ல. பக்கத்து மூடியோட ரெண்டு திருகைக் கழட்டு. உள்ள தூசி ஒரு விரக்கடை இருக்கும், பல்லி முட்டை இருந்தாலும் ஆச்சரியப்படாத. சின்ன பிரஷ்ஷால தட்டி விடு, ஈரத்துணி வேண்டாம். சாட்டா வயர் ரெண்டு, ஒண்ணு தகவலுக்கு, ஒண்ணு கரண்டுக்கு. ரெண்டோட வாயும் 'ட' மாதிரி ஒரு பக்கம் மடங்கி இருக்கும். திருப்பிப் போட்டு அமுக்கி ஒடச்சிராத, எஸ்எஸ்டியோட அந்தப் பிளாஸ்டிக் நாக்கு ஒடஞ்சா பசை போட்டு ஒட்ட முடியாது. மூணரை இஞ்சு கூட்டுல ரெண்டரை இஞ்சு நிக்கலேன்னா, தகரச் சட்டம் ஒண்ணு சல்லிசா கிடைக்கும். அது இல்லேன்னாலும் எஸ்எஸ்டிக்குள்ள ஆடுறதுக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு திருகுல நின்னாலும் போதும். போர்டுல வட்டமா ஒரு செல் இருக்கும், சிஆர்2032. பொட்டியைப் போடுறப்பல்லாம் தேதி தப்பா வந்து, 'இந்த வெப்சைட் பாதுகாப்பில்ல'ன்னு பேங்கு பக்கம் மிரட்டுதுன்னியே, அதுக்கு வைரஸ் காரணம் இல்ல, இந்த செல்லுதான். தொறந்த கையோட அதையும் மாத்திரு.

பயாஸ்ல சாட்டா மோடு ஏஹெச்சிஐன்னு இருக்கணும். ஐடிஇன்னு இருந்தா, பழைய விண்டோஸை அப்படியே வச்சுக்கிட்டு அதை மட்டும் மாத்துனா நீலத் திரை வந்து நிக்கும். புதுசா விண்டோஸ் ஏத்தப் போறேன்னா முதல்லயே மாத்திட்டு ஏத்து. நான் புதுசா ஏத்தத்தான் சொல்லுவேன். அப்படியே நகல் எடுக்கணும்னு அடம்பிடிச்சா க்ளோன்ஜில்லா இருக்கு. ஆனா 500-ல இருந்து 480-க்கு நகல் எடுக்க முன்னாடியே பகுதியைச் சுருக்கணும், சும்மா அமுக்குனா அது மாட்டேங்கும். வருசக்கணக்கா சேத்த குப்பையையும் சுமந்துக்கிட்டுதான் புது வீட்டுக்குப் போவியா?

எந்த விண்டோஸ்ங்கிறதுதான் சிக்கல். பத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட கை கழுவிருச்சு. பதினொண்ணுக்கு எட்டாந் தலைமுறை புராசசர் கேக்குறான், டிபிஎம் 2.0 கேக்குறான். உன் பொட்டி ரெண்டாந் தலைமுறை, அப்பன் முகத்தைப் பாத்து விடச் சொன்னா விடுவானா? மில்லுக் கணக்குக்கு டேலி வேணும், அதுக்கு விண்டோஸ் வேணும். விண்டோஸ் பத்தையே அப்பனுக்கு நெட்டு இல்லாம ஓட்டிக்கோ. நீ நெட்டு பாக்க, படிக்க, பேங்குக்குப் போக லினக்ஸ் மின்ட்டை பக்கத்துல இன்னொரு பகுதியில ஏத்திக்கோ. அதுக்காகத்தான் 240 போதும்னவன் 480-ன்னு நீட்டினேன். நாலு ஜிபி ராம் இருக்குல்ல, அதை எட்டாக்கு. பழைய டிடிஆர்3 குச்சி செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும், அதுல பயம் இல்ல. டிஸ்க்கை மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வாங்காத.

கடையில காசு குடுக்கிறப்ப ஜிஎஸ்டி பில்லு கேளு, டிஸ்க்கோட சீரியல் நம்பரை அதுல எழுதி வாங்கு. "பில்லு இல்லாம கொஞ்சம் கம்மியா தர்றேன்"னு சிரிப்பான், நீயும் சிரிச்சுட்டு பில்லையே கேளு. மூணு வருசமோ அஞ்சு வருசமோ வாரன்டி, அதுக்குள்ள போனா மாத்தித் தருவான், உள்ள இருந்த கணக்கைத் தர மாட்டான். அந்த வழுவழு பேப்பர் பில்லு ஆறு மாசத்துல வெள்ளையா வெளுத்துரும். கையோட போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ. எடுத்த போட்டோவையும் புது டிஸ்க்குக்குள்ளயே வச்சுத் தொலைச்சிராத.